ஐஸ்லாந்து: குளிர்காலத்தில் முழுச் சுற்று வேண்டாமே!

டிசம்பர் லீவு நெருங்கினால் இங்கே புனேயில் நம்ம தமிழ் நண்பர்கள் கூடுகிற இடமெல்லாம் பயணப் பேச்சுதான். இந்த முறை ஐஸ்லாந்து. நண்பர் ஒருவரின் திட்டம் இது: குழந்தைகள், வயதான அப்பா அம்மாவோடு ஏழே நாளில் காரில் தீவை ஒரு முழுச் சுற்று. ரிங் ரோடு 1,300 கிலோமீட்டருக்கு மேல். "ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர்தானே, நம்ம ஹைவேயில் மூணு மணி நேரம்" என்கிறார்.

கணக்கு சரி, ஊர்தான் வேற :-)

டிசம்பர் கடைசியில் ரெய்க்யாவிக்கில் பகல் சுமார் 4 மணி நேரம்தான். சூரியன் வரவே பதினொன்றைத் தாண்டும், மூன்றரைக்குள் மறைந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் இருட்டில், பனி உறைந்த சாலையில் ஓட்ட வேண்டும். பலத்த காற்றோ பனிப்புயலோ வந்தால் சாலையையே மூடிவிடுவார்கள். வடக்கே எங்காவது மாட்டிக்கொண்டால் திரும்பும் விமானத்துக்கு யார் பொறுப்பு?

என்னைக் கேட்டால், தென்மேற்கோடும் தெற்கோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். திங்வெட்லிர், கெய்சிர் வெந்நீர் ஊற்று, குட்ல்ஃபோஸ் அருவி மூன்றுக்கும் ஒரு நாள் போதும். அடுத்து, 190 கிலோமீட்டரில் இருக்கும் வீக் ஊர். போக வர இரண்டு நாள் வையுங்கள். பக்கத்திலுள்ள ரெய்னிஸ்ஃபியாரா கருமணல் கடற்கரையில் மட்டும் குழந்தைகளின் கையை விடாதீர்கள். அங்கே திடீர் அலை இழுத்து உயிர்கள் போயிருக்கின்றன.

இரண்டு நாளைக் காலியாகவே விடுங்கள். புயல் வந்தால் அது காப்பாற்றும். வானம் தெளிந்தால் வடதுருவ ஒளி பார்க்க உதவும். முழுச் சுற்றுதான் வேணும்னா, இரவே இருட்டாத ஜூனில் போங்களேன்.

நீங்க என்ன சொல்றீங்க?