யார் வீட்டுப் பானை?



நம் மன்றத்தின் பொங்கல் விழா மேடையில் இப்போதெல்லாம் கீழடிப் பானைக்குத் தனி இடம் உண்டு. பெரிதாகப் படம் எழுதி வைக்கிறோம், பக்கத்தில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம், "எங்கள் பானை!" என்று முழங்குகிறோம். முழங்குவது வேண்டாமென நான் சொல்ல வரவில்லை. மண்ணுக்குள் கிடந்த ஓடு மாணவர் மனத்தில் இடம் பிடித்தது நல்லதே. ஆனால் அந்தப் பானை எந்த மண்ணால் ஆனது, எந்தச் சூளையில் வெந்தது, எவ்வளவு தூரம் நடந்து வந்தது என்று நாம் எப்போதாவது கேட்டோமா?

கேட்க வேண்டும் என்பதே என் வாதம். அதிலும் பெங்களூரில் படிக்கும் தமிழ் மாணவர் கேட்டே தீர வேண்டும். நாம் விட்டு வந்த மண்ணுக்கும் வந்து சேர்ந்த மண்ணுக்கும் பொதுவான பானை ஒன்று இருக்கிறது. அதற்கு நம் மேடையில் இதுவரை இடமில்லை.

நான் ஈரோட்டுப் பக்கத்துக்காரன். எங்கள் சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலாற்றின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுவே என்பர் அறிஞர். 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழாய்வு செய்தனர். கல்மணி செய்த பட்டறைகளும், இரும்பு உருக்கிய உலைகளும், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் வெளிப்பட்டன. அவற்றோடு வந்தவைதான் நான் சொல்லும் பானையின் ஓடுகள். மேனியெல்லாம் செங்காவி நிறப் பூச்சு. அதில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் வெண்ணிறக் கோடுகள். எளிய வீட்டுக் கலந்தான். ஆனால் அதை வனைந்தவருக்கு அழகு தெரிந்திருக்கிறது.

இதே வகை ஓட்டை இங்கிருந்து வடமேற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சித்திரதுர்க்கத்திலும் காணலாம். அம்மாவட்டத்துப் பிரம்மகிரியிலும் சந்திரவள்ளியிலும் 1947-ல் அகழ்ந்தவர் மார்ட்டிமர் வீலர். சாதவாகனர் காலத்துப் படிவில் இந்தக் கலங்களைக் கண்டார். சாதவாகனரை ஆந்திரர் என்று அழைத்த காலம் அது. ஆகவே பானைக்கும் "ஆந்திரக் கலம்" என்ற பெயர் வந்தது. அரசனின் பெயர் ஒட்டிக்கொண்டது. வனைந்தவனின் பெயரும் ஊரும் ஒட்டவில்லை. பிறகு நடந்த ஆய்வுகளிலோ, கருநாடகத்தின் தென்பகுதியிலும் கொங்கு நாட்டிலும் இந்தக் கலம் ஊர் ஊராகக் கிடைத்து வந்தது.

அப்படியானால் இது யார் வீட்டுப் பானை? கொங்கு நாட்டான் தனது என்பான். கன்னட நண்பர் தமது என்பார். பெயரைக் காட்டி ஆந்திரரும் கேட்கலாம். மூன்று வீட்டாரும் வாசலில் நின்று வழக்காடினால் பானை வாய் திறக்குமா? திறக்கும், கேட்கும் முறையில் கேட்டால் திறக்கும். அந்த முறை நம் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது.

பிரிட்டனில் கேட்டார்கள். ரோமானியர் ஆட்சிக் காலத்தில் அத்தீவில் கருநிற மெருகிட்ட சமையற் சட்டி ஒன்று பெருவழக்காக இருந்தது. வடகோடியில், ஹேட்ரியன் மதிலைக் காத்த படைவீரரின் அடுப்பிலும் அது ஏறியது. 1960-களில் டேவிட் பீக்காக் என்ற ஆய்வாளர் அத்தகைய பானைகளின் மணலை ஆராய்ந்தார். ஓட்டைப் பொடித்து அடர்த்தி மிகுந்த திரவத்தில் இடுவார்கள். சாதாரண மணல் மிதக்கும். கனமான கனிமங்கள் அடியில் தங்கும். அவற்றை நுண்ணோக்கியில் வைத்து எண்ணினால் மணல் எந்தப் பகுதியது என்பது புலப்படும். கருஞ்சட்டியின் மணலில் டூர்மலின் மிகுந்திருந்தது. அது தென்கோடியிலுள்ள டார்செட் மாவட்டத்து மண்ணைக் காட்டிக் கொடுத்தது. நாட்டின் ஒரு கோடியில் வனைந்த சட்டி மறுகோடியில் கஞ்சி காய்ச்சியிருக்கிறது! அதே டார்செட்டில்தான், இந்தியாவுக்கு வருமுன் வீலர் 1934 முதல் 1937 வரை மெய்டன் காசில் கோட்டையை அகழ்ந்தார்.

நம் நாட்டிலும் கேட்டிருக்கிறார்கள். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-ல் அகழ்ந்த வீலர், உட்புறத்தில் உருளை வரி பதித்த தட்டுகளை மத்தியதரைக் கடற்பகுதிச் சரக்கு என்று கருதினார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, புணே டெக்கான் கல்லூரியின் விஷ்வாஸ் கோக்டே எக்ஸ்-கதிர்களைச் செலுத்தி அந்த மண்ணை ஆராய்ந்தார். 1997-ல் அவர் வெளியிட்ட முடிவு வங்கத்தின் கீழ்க்கங்கைப் பகுதியைச் சுட்டியது. வீலர் பெரிய அறிஞர், ஐயமில்லை. ஆயினும் கண்ணுக்குத் தப்பியது கதிருக்குத் தப்பவில்லை.

கீழடி மட்டும் என்ன? வெறும் மேடை முழக்கத்தாலா அதன் புகழ் நின்றது? தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை கீழடி ஓடுகளை இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிக் கனிமக் கூறுகளை ஆராயச் செய்தது. சிவப்பு நிறம் இரும்பு ஆக்சைடான ஹேமடைட்டால் வந்தது, கறுப்பு கரியால் வந்தது என்று 2019-ல் வெளியான அறிக்கை கூறிற்று. அதற்கும் முன்னே, 2015-ல் கீழடியில் முதல் மண்வெட்டியைப் போட்டது யார் தெரியுமா? மத்தியத் தொல்லியல் துறையின் பெங்களூர் அகழாய்வுப் பிரிவு! இதை நம் விழாப் பேச்சாளர் எத்தனை பேர் சொன்னார்கள்?

"ஆராய்ந்து பார்த்து, கொடுமணல் ஓடு கன்னட மண் என்று வந்துவிட்டால்?" என்று ஒரு நண்பர் என்னிடம் கவலைப்பட்டார். வந்தால் வரட்டுமே! பானை நடந்திருந்தால், மலையேறி இறங்கிய வணிக வழி ஒன்று நமக்குத் தெரியவரும். மண் அந்தந்த ஊரினது, கோலம் மட்டும் ஒன்று என வந்தால், குயவர் குடிபெயர்ந்தாரோ அவர் கைத்திறம் பெயர்ந்ததோ என்று அடுத்த கேள்வி பிறக்கும். எந்த விடையிலும் நட்டம் இல்லை. ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு, நமக்கு முன்னே நடந்தவரின் கதை கசக்குமா?

கருவியின் பெயரிலேயே உறவு தெரிகிறது. குயவரின் சக்கரத்துக்குத் தமிழில் திகிரி என்று பெயர், கன்னடத்தில் திகுரி. நம் குடுக்கை அவர்களுக்குக் குடிகெ. நொய்யலும் காவிரியில்தான் கலக்கிறது. அந்தக் காவிரியின் பெயரால் 1991-லும் 2016-லும் இந்நகரத் தெருக்களில் நடந்தவற்றை நம் பெற்றோர் மறக்கவில்லை. ஓர் ஓடு அந்தப் புண்ணை ஆற்றிவிடும் என்று பிதற்ற மாட்டேன். ஆனால் ஒரே மேசையில், ஒரே நுண்ணோக்கியில், ஒரே ஓட்டை மாறி மாறிப் பார்த்த இரு மாணவர் பிற்காலத்தில் ஒருவரையொருவர் அயலாராக நினைப்பது கடினம்.

ஆகவே மன்றத்துக்கு மூன்று வேண்டுகோள். முதலாவது, விழா அலங்காரச் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, கன்னட மாணவர் சங்கத்தாரையும் அழைத்துப் பிரம்மகிரிக்கும் கொடுமணலுக்கும் பயணம் போவோம். அங்கே ஓட்டைப் பொறுக்கிப் பையில் போடக் கூடாது. இடம் அறியாத ஓடு ஊமை ஓடு. இரண்டாவது, இரு நாட்டு ஆற்றங்கரைகளிலிருந்தும் களிமண்ணும் மணலும் கொணர்ந்து, வகை பிரித்து, சுட்டுப் பார்த்து, ஒப்பிட உதவும் மாதிரித் தொகுப்பு ஒன்றை உருவாக்குவோம். மண்ணின் பக்குவம் அறிந்த ஆசான்கள் நம் நகரின் பாட்டரி டவுனிலேயே இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்போம். மூன்றாவது, அந்தத் தொகுப்போடு போய் இரு மாநிலத் தொல்லியல் துறைகளிடமும் முறையாக அனுமதி பெற்று, அகழாய்வில் கிடைத்த ஓடுகளை ஆராய்வோம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாகலாம். ஒரு நாட்டுப் பானைக்கு ஓர் ஓடு பதமாகாது. நிறையப் பார்க்க வேண்டும், பொறுமை வேண்டும்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். அவர் வேதியியல் படித்தவராக இருந்தால் நன்று. தமிழ் இலக்கியம் படித்தவராக இருந்தால் இன்னும் நன்று.