விசையின் கனமும் விரலின் பயிற்சியும்

‘துப்பாக்கி தவறுதலாக வெடித்தது’ என்ற வாக்கியத்தை நாம் செய்தித்தாள்களில் அடிக்கடி படிக்கிறோம். அந்த வாக்கியத்தின் எழுவாய் துப்பாக்கி. மனிதர் எவரும் அதில் இல்லை. 2023 டிசம்பர் 8 அன்று உத்தரப் பிரதேசத்தின் அலிகார் நகரில், கடவுச்சீட்டு விசாரணைக்காகக் காவல் நிலையம் வந்து நின்றிருந்த பெண் ஒருவரின் தலையில், உதவி ஆய்வாளர் கையிலிருந்த துப்பாக்கியின் குண்டு பாய்ந்தது. சக காவலர் எடுத்துக் கொடுத்த கைத்துப்பாக்கியை அவர் கையாண்ட சில நொடிகளில் அது நடந்ததைக் கண்காணிப்புக் கேமரா பதிவுசெய்தது. சில நாள்களில் அப்பெண் உயிரிழந்தார். 2024 அக்டோபர் 1 அன்று மும்பையில் நடிகர் கோவிந்தாவின் காலில் அவருடைய சொந்தச் சுழல் துப்பாக்கியின் குண்டே பாய்ந்தது. அலமாரியில் வைக்கும்போது கைநழுவி விழுந்து வெடித்ததாகக் கூறப்பட்டது.

ஒன்று கையில் இருக்கும்போது நேர்ந்தது. மற்றொன்று கையை விட்டு நழுவிய பிறகு நேர்ந்ததாகச் சொல்லப்பட்டது. இரண்டும் வேறு வேறு கோளாறுகள். தீர்வுகளும் வேறு வேறு. ஆனால் ‘தவறுதலாக’ என்ற ஒரு சொல் இரண்டையும் மூடிவிடுகிறது.

சீருடைப் பணியில் ஆயுதப் பயிற்சியளிப்பவனாகப் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பென்னலூரில் வசிக்கிறேன். ஒரகடம் பகுதியில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்புப் பணியைக் கவனிக்கிறேன். கைத்துப்பாக்கியின் விசை எப்படி இருக்க வேண்டும் என்பதை ஆயுத ஆர்வலர்களின் ரசனை விவகாரமாகவே பலரும் கருதுகிறார்கள். காவல் நிலையப் படியேறும் ஒவ்வொருவரின் உயிரோடும் தொடர்புடைய பொதுக் கொள்கை அது என்பதே என் கருத்து.

மூன்று வகை விசைகள்

நம் காவல் துறைகளில் மூன்று தலைமுறைக் கைத்துப்பாக்கிகள் ஒரே நேரத்தில் புழக்கத்தில் உள்ளன. முதலாவது, பழைய .38 சுழல் துப்பாக்கி. விசையை இழுக்கும்போதே சுத்தியல் பின்னோக்கி எழும். உருளை ஓர் அறை நகரும். இழுவையின் முடிவில் சுத்தியல் விழும். இழுவை நீளமானது; ஏறத்தாழ 5 கிலோ அழுத்தம் தேவைப்படும். அறியாமல் விரல் பட்டு வெடிப்பது அரிது. அதே சமயம், மிகப் பழைய வடிவமைப்புகளில் சுத்தியல் நேரடியாகத் தோட்டாவின் மேல் அமர்ந்திருக்கும்; கீழே விழுந்தால் அதிர்ச்சியிலேயே வெடிக்கலாம். சுத்தியலுக்கு நேரான அறையைக் காலியாக விட்டு ஐந்து தோட்டாக்களை மட்டும் இடும் பழக்கம் அதனால்தான் தோன்றியது.

இரண்டாவது, இஷாப்பூர் ஆலையில் தயாராகும் 9 மி.மீ. பிஸ்டல். 1935-இல் பெல்ஜியத்தில் வெளிவந்த பிரௌனிங் ஹை-பவரின் வழிவந்தது. 13 தோட்டாக்கள் கொள்வது. இதில் சுத்தியலை முன்கூட்டியே பின்னிழுத்து நிறுத்த வேண்டும். அதன்பின் விசையின் இழுவை குறுகியது. பெருவிரலால் இயக்கும் பாதுகாப்புப் பூட்டு உண்டு. சுத்தியல் எழுந்த நிலையில் இடுப்பில் வைத்திருக்க அஞ்சி, குழாயைக் காலியாக வைத்து, தேவைப்படும்போது மேல்பகுதியை இழுத்துத் தோட்டாவை ஏற்றுவதே நம் பழக்கம்.

மூன்றாவது, ஆஸ்திரிய ராணுவம் 1982-இல் தேர்ந்தெடுத்த கிளாக் வகை. வெளியே தெரியும் சுத்தியல் இல்லை. பெருவிரல் பூட்டும் இல்லை. விசையிலேயே ஒரு சிறு நாக்கு. உள்ளே தானாக இயங்கும் தடைகள். கீழே விழுந்தால் வெடிக்காதபடி வடிவமைக்கப்பட்டது. விசையின் கனம் ஏறத்தாழ 2.5 கிலோ, முதல் குண்டுக்கும் கடைசிக் குண்டுக்கும் ஒரே இழுவை. எளிமையில் இதற்கு ஈடில்லை. ஆனால் விரல் விசைக்குள் இருந்தால் மன்னிப்பும் இல்லை.

வாஷிங்டனும் நியூயார்க்கும்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் காவல் துறை 1988-இல் சுழல் துப்பாக்கியைக் கைவிட்டு கிளாக்குக்கு மாறியது. அடுத்த பத்தாண்டுகளில் அங்கே 120-க்கும் மேற்பட்ட முறை துப்பாக்கிகள் தற்செயலாக வெடித்ததை ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழ் 1998-இல் அம்பலப்படுத்தியது. அவசர அவசரமாக ஆள்சேர்த்ததையும், பயிற்சியும் மறுதகுதித் தேர்வும் முறையாக நடைபெறாததையும் அச்செய்திகள் சுட்டிக்காட்டின. துப்பாக்கி புதியது; விரல்களின் பழக்கம் பழையது.

நியூயார்க் வேறு வழியை நாடியது. அதே வகைத் துப்பாக்கியின் விசையை ஏறத்தாழ 5.4 கிலோ அளவுக்குக் கனமாக்கியது. 2012 ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன் ஆயுதம் ஏந்திய ஒருவரை நோக்கி இரு காவலர்கள் 16 முறை சுட்டனர். அக்குண்டுகளாலும் சிதறல்களாலும் ஒன்பது வழிப்போக்கர்கள் காயமுற்றனர். பயிற்சி, பதற்றம், நெரிசல் எனக் காரணங்கள் பல இருந்தாலும், கனமான விசை குறியைக் குலைக்கிறதா என்ற விவாதம் அப்போது வலுத்தது.

இரு நகரங்களின் அனுபவத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். இலகுவான விசை பயிற்சியற்ற விரலைத் தண்டிக்கிறது. கனமான விசை குறியைத் தண்டிக்கிறது. இரண்டிலும் துன்பப்படுவது அருகில் நிற்கும் பொதுமகன்.

அழுத்து இயந்திரம் சொல்லும் பாடம்

என் வீட்டைச் சுற்றியுள்ள இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் தொழிற்பூங்காக்களில் தகட்டை வெட்டி வளைக்கும் அழுத்து இயந்திரங்கள் இரவும் பகலும் இயங்குகின்றன. அவற்றில் கால்மிதியை மிதித்தால் அச்சு இறங்கும் பழைய முறை விரல்களைக் காவு வாங்கியது. அதற்கு மாற்றாக, இரு கைகளாலும் இரு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும் என்ற முறை வந்தது. கை குறுக்கே வந்தால் நிறுத்தும் ஒளித்திரையும் வந்தது. தேர்ந்த தொழிலாளி நல்ல மனநிலையில் இருக்கும் பகற்பொழுதை எண்ணி இவை வடிவமைக்கப்படவில்லை. இரவுப் பணியின் கடைசி மணி நேரத்தில் சோர்ந்து நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியை எண்ணியே வடிவமைக்கப்பட்டன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உற்பத்தி எண்ணிக்கைக்கு நெருக்கடி தரும் இடங்களில், ஒரு பொத்தானை ஆப்பு வைத்து நிரந்தரமாக அழுத்திவிட்டு மற்றொன்றால் மட்டும் இயக்குவார்கள். வேலைக்கு இடையூறாகும் எந்தப் பாதுகாப்பும் நாளடைவில் ஏமாற்றப்படும். காலியான குழாயோடு துப்பாக்கியை வைத்திருக்கும் விதியும் அப்படித்தான். பதற்றமான பணிக்குக் கிளம்பும்போது தோட்டா ஏற்றப்படும். திரும்பிய பின் யாரும் இறக்க மாட்டார்கள். மறுநாள் அதை வாங்குபவர் காலி என்றே நம்புவார்.

இறக்குவதிலும் ஓர் ஆபத்து உண்டு. முதலில் தோட்டாக் கூட்டை உருவி, பிறகு மேல்பகுதியை இழுக்க வேண்டும். வரிசை மாறினால், வெளியேறிய தோட்டாவின் இடத்தில் கூட்டிலிருந்து அடுத்தது ஏறிவிடும். அதன்பின் கூட்டை உருவியவர், துப்பாக்கி காலி என்று எண்ணி விசையை இழுப்பார். என் பயிற்சி வகுப்புகளில் நான் திரும்பத் திரும்பக் கண்ட பிழை இதுதான்.

என் தேர்வு

விசையின் நீளம் வேறு, கனம் வேறு. நீளமான இழுவை, ‘இப்போது சுடப்போகிறாய்’ என்று மூளைக்கு ஓர் எச்சரிக்கை அனுப்புகிறது. கால் இடறும்போதும், திடுக்கிடும்போதும், மறுகையால் ஒருவரைப் பற்றி இழுக்கும்போதும் விரல் தன்னையறியாமல் சுருங்கும். குறுகிய இழுவை அந்தச் சுருக்கத்திலேயே முடிந்துவிடக்கூடும். நீண்ட இழுவை சற்று அவகாசம் தரும். அளவு கடந்த கனமோ குறியை மட்டுமே கெடுக்கும்.

ஆகவே, தினமும் சுட்டுப் பழகும் அதிரடிப் படைகளுக்கு கிளாக் வகையே பொருத்தம். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் சுடுதளம் செல்லும் காவல் நிலைய அலுவலருக்கும், மெய்க்காவல் பணியில் மக்கள் நெரிசலில் நிற்பவருக்கும் நான் பரிந்துரைப்பது வேறு: எல்லாக் குண்டுகளுக்கும் ஒரே சீரான, நீண்ட, நடுத்தரக் கனமுள்ள இழுவை, வெளியே தெரியும் சுத்தியல். உறையில் செருகும்போது பெருவிரலைச் சுத்தியலின் மேல் வைத்திருந்தால், விசையில் துணியோ விரலோ சிக்கியிருப்பதைக் கைக்கே தெரியப்படுத்தும் அமைப்பு அது. சுழல் துப்பாக்கியில் பழகியவர்கள் எளிதில் மாறவும் முடியும்.

இதற்கு எதிராக, ‘பயிற்சியைக் கூட்டினால் எந்த விசையும் போதும்’ என்பார்கள். உண்மைதான். ஆனால் பயிற்சிக்குத் தோட்டாவும் சுடுதளமும் வேண்டும். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, சுடுதளத்திலிருந்து வந்த குண்டு தலையில் பாய்ந்து 11 வயதுச் சிறுவன் சில நாள்களில் உயிரிழந்தான். குடியிருப்புகளுக்குப் பாதுகாப்பான தொலைவில் தளங்கள் அமையாதவரை, ‘பயிற்சியைக் கூட்டுவோம்’ என்பது சொல்லளவில்தான் நிற்கும். இருக்கும் பயிற்சிக்கு ஏற்ற ஆயுதத்தைத் தேர்வதே பொறுப்பான செயல்.

செய்ய வேண்டியவை

கைத்துப்பாக்கிக் கொள்முதல் ஒப்பந்தங்களில் விலையோடும் தோட்டா எண்ணிக்கையோடும் விசையின் கனம், இழுவையின் நீளம், கான்கிரீட் தளத்தில் விழவிட்டுச் செய்யும் சோதனை ஆகியவையும் கட்டாய நிபந்தனைகளாக வேண்டும். விசையை முழுமையாக மூடும் உறுதியான உறை, துப்பாக்கியோடு சேர்த்தே வாங்கப்பட வேண்டும். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் பொதுமக்கள் நிற்கும் இடத்துக்கு அப்பால், மணல் நிரப்பிய பெட்டியை நோக்கி மட்டுமே தோட்டா ஏற்றவும் இறக்கவும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். இதற்குச் செலவு மிகக் குறைவு. தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகும் வெற்றுப் பயிற்சிக்கு அதுகூட இல்லை.

தொழிற்சாலைகளில் யாருக்கும் காயம் இல்லாத, நூலிழையில் தப்பிய நிகழ்வையும் பதிவேட்டில் எழுதுகிறோம். எந்த இயந்திரத்தில், எந்தப் பணி நேரத்தில் என்று ஆராய்கிறோம். காவல் துறையிலும் சுவரில் பாய்ந்த ஒவ்வொரு குண்டுக்கும் அத்தகைய பதிவேடு வேண்டும். பதிவு செய்தவரைத் தண்டித்தால் பதிவேடு காலியாகவே இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சி ஆகிய ஐந்து மையங்களை இணைத்துப் பாதுகாப்புத் தளவாடத் தொழில் தடம் உருவாகிவரும் மாநிலம் இது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 1960-களிலிருந்தே இங்கு இருக்கிறது. காருக்கான நுண்ணிய உதிரிபாகத்தை மைக்ரான் அளவில் வார்த்தெடுக்கும் கைகளுக்கு, நம் காவலரின் கைக்கும் பயிற்சிக்கும் பொருந்திய விசையை உருவாக்குவது அரிதல்ல. எது வேண்டும் என்பதை முதலில் அரசு எழுத்தில் கேட்க வேண்டும்.