துப்புரவில் குறைத்தெழுதும் கணக்கு

ஒரு நகரின் துப்புரவுச் செலவை முடிவு செய்வன இரண்டு: அந்நிலத்தின் தட்பவெப்பம், அங்கு வாழும் மக்களின் தொகை. இவ்விரண்டையும் கருதாது ஆட்சியாளர் எழுதும் வரவுசெலவுத் திட்டம் எத்துணை அழகாக அச்சேறினும் அது பொய்க்கணக்கே! விடுபட்ட தொகையை எவரேனும் செலுத்தியே ஆகல் வேண்டும். அதனைச் செலுத்தி வருவோர் துப்புரவுத் தொழிலாளரே!

சென்னையையே எடுத்துக்கொள்க. அந்நகரின் கழிவுநீர்க் குழாயமைப்பு 1910இல் திட்டமிடப்பெற்றபொழுது, 1961இல் அங்கு 6.6 இலக்கம் மக்கள் வாழ்வர் எனக் கணக்கிட்டனர். 1961இன் கணக்கெடுப்பிலோ 17 இலக்கத்திற்கும் மேற்பட்டோர் இருந்தனர். 2011இல், 174 சதுரக் கிலோமீட்டர் எல்லைக்குள் 46 இலக்கம் மக்கள் நெருங்கியிருந்தனர். அவ்வாண்டே மாநகராட்சியின் பரப்பு 426 சதுரக் கிலோமீட்டராக விரிந்தது. குழாய்களும் விரிவாக்கப்பெற்றன, ஆயினும் அவை மக்கட்பெருக்கத்தின் பின்னேயே ஓடின.

மக்கள் நெருங்கி வாழின் ஒரு குழாயைப் பலர் பகிர்வதால் தலைக்காகும் செலவு குறையும் என்பர். உண்மையே, ஆனால், குழாய் கொள்ளும் அளவு வரைதான் அவ்வுண்மை. அளவு கடந்தபின், தோண்டிய தெருவையே மீண்டும் தோண்டிப் பெருங்குழாய் பதித்தல் வேண்டும். இடுக்குத் தெருக்களிலோ பெரும்பொறிகள் நுழையா.

தட்பவெப்பமும் தன் பங்கைக் கேட்கும். குளிர்நாடுகளில் கிழமைக்கொருமுறை குப்பை அள்ளினும் போதும். வெப்பநாட்டில் அது ஒருநாள் தங்கினும் அழுகி நாறும். வெம்மையில் கழிவுநீர் விரைந்து கெட்டு நச்சுவளியைக் கக்கும். அவ்வளி கற்காரைக் குழாயை அரிக்கும். உள்ளிறங்கிய மாந்தனை நொடியில் சாய்க்கும். சென்னையின் ஆண்டுமழையில் பாதிக்கு மேல் அக்தோபர் முதல் திசம்பர் வரையிலான மூன்று திங்களில் கொட்டுகிறது. நிலமோ தட்டை, கழிவுநீரைப் பொறிகொண்டே இறைத்து ஏற்றல் வேண்டும். 2015இன் வெள்ளம் போல் மழை மிகின் குழாய் பொங்கும். 2019இன் வறட்சி போல் நீர் குறையின் கசடு படிந்து அடைக்கும். இரண்டிற்கும் சேர்த்தே செலவிடல் வேண்டும்.

அச்செலவைத் தவிர்க்கும் ஒவ்வொரு முறையும் ஓர் ஆள் குழிக்குள் இறக்கப்படுகிறான். மாந்தக் கழிவை மாந்தன் அள்ளுதலை 1993ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. காப்புக் கருவியின்றிக் கழிவுநீர்க் குழாய்களில் ஆளிறக்குதலை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கிற்று. இறந்தார் குடும்பத்திற்கு 10 இலக்கம் உருபா வழங்குமாறு 2014இல் ஆணையிட்ட உச்ச நயன்மன்றம், 2023இல் அதனை 30 இலக்கமாக உயர்த்திற்று. இழப்பீட்டை உயர்த்த நேர்ந்தமையே இறப்பு நிற்கவில்லை என்பதற்குச் சான்று!

ஒடுக்கப்பட்ட மக்களின் தலையில் இத்தொழிலைச் சுமத்திய சாதிக் கொடுமையே துப்புரவை மலிவானதாகக் காட்டி வந்தது. அம்மலிவு இனியும் வேண்டா! ஒவ்வொரு நகராட்சியும் தன் வெயிலையும் மழையையும் மக்களையும் எண்ணி முழுச்செலவையும் திரட்டுக. குழிக்குள் பொறி இறங்குக. மாந்தன் மேலே நின்று அதனை இயக்குக!