மலையில் தீ பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது?

மாசி, பங்குனி ராத்திரிகளில் தேவாரத்து மொட்டை மாடியில் நின்று மேற்கே பாருங்கள். மலைமேல் சிவப்பாக ஒரு கோடு நெளியும். "காடு எரியுதுப்பா" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுவோம். சின்ன வயசிலிருந்தே பார்த்துப் பழகிய காட்சி.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கோடு குரங்கணியில் மனிதர்களைச் சூழ்ந்தது. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்தவர்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களும் ஒவ்வொருவராகப் போக, கடைசியில் பலி 23.

அதன் பிறகு நடந்தது என்ன? அனுமதி வாங்கினார்களா, யார் தீ வைத்தது என்று மாதக்கணக்கில் பேசினோம். அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணையும் நடந்தது. எல்லாம் தேவைதான். ஆனால் தீ வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று மட்டும் யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லையே!

நண்பர்களே, வெப்பம் மேலே எழும் என்று முதலாம் ஆண்டு இயற்பியலிலேயே படித்தோம். சரிவில் எரியும் தீ, மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துக்கொண்டு ஏறும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பாளர்கள் கணக்கு. கீழிருந்து தீ வரும்போது மேட்டைப் பார்த்து ஓடுகிறவன் அதோடு பந்தயம் ஓடுகிறான். குறுகலான ஓடைப் பள்ளமோ புகைபோக்கி மாதிரி. வெறும் பாறை, புல் இல்லாத இடம், ஏற்கெனவே எரிந்து கருகிய தரை, இவைதான் புகலிடம்.

1949-ல் அமெரிக்காவில் மான் கல்ச் என்ற இடத்தில் தீயணைக்கப் போன 16 பேரைத் தீ துரத்தியது. குழுத் தலைவர் வாக் டாட்ஜ் தன் முன்னால் இருந்த புல்லைத் தானே கொளுத்தி, அந்தச் சாம்பலில் குப்புறப் படுத்தார். பிழைத்தார். கூப்பிட்டும் வராமல் மேட்டில் ஓடியவர்களில் இருவர்தான் தப்பினார்கள். 13 பேர் செத்துப்போனார்கள். (பயிற்சி பெற்றவர்களுக்கே இந்தக் கதி!)

தீயணைப்பு வண்டி ரோடு இருக்கும் வரைதான் வரும். குரங்கணிக்கு விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தது உண்மை. அதற்கு முன்னால் இருட்டில் மேலே ஏறி, காயம்பட்டவர்களைப் போர்வையில் தூளி கட்டித் தூக்கி வந்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். நாளைக்கு நம் மலையில் நடந்தாலும் முதலில் ஓடப்போவது நாம்தான், ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வரும் நம் அம்மா, அக்காமார்தான்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ல் தீத்தொண்டு வாரம் தொடங்குகிறது. 1944-ல் அந்த நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து, 66 தீயணைப்பு வீரர்கள் மாண்ட நினைவு அது. மதிக்க வேண்டிய நாள். ஆனால் நமக்கு ஏப்ரலில் பரீட்சை. மலைக்கோ அதற்குள் பாதி எரிந்து முடிந்திருக்கும். வராந்தாவில் தொங்கும் சிவப்பு சிலிண்டரின் பின்னை நம்மில் எத்தனை பேர் உருவிப் பார்த்திருக்கிறோம்?

எனவே மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை: தை மாதமே ஒரு நாள் ஒதுக்குங்கள். தீயணைப்புத் துறையினரை அழையுங்கள். கூடவே, வருஷாவருஷம் தீத்தடுப்புக் கோடு வெட்டும் மலைக்காரப் பெரியவர் ஒருவரையும் மேடையேற்றுங்கள். பச்சைத் தழையால் எப்படி அடிப்பது, காற்று எப்போது திரும்பும் என்று அவரே சொல்லட்டும். விழாச் செலவில் பந்தலைக் கொஞ்சம் சுருக்கினால் போதும்.