அடுக்கில் வெந்து போகும் சிவப்பு ஒயின்

நல்லெண்ணெய்ப் போத்தலை வெயில் படும் இடத்தில் வைக்கக் கூடாது என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. புளி, மிளகாய் வற்றல், நெய், காப்பித்தூள் ஒவ்வொன்றையும் எங்கே வைப்பது, எத்தனை நாளுக்குள் விற்றுத் தீர்ப்பது என்பதெல்லாம் நமக்குக் கைவந்த பாடம். ஆனால், மது விற்பனை உரிமம் பெற்ற நம் சிங்கப்பூர் மளிகைக் கடைகள் பலவற்றில் சிவப்பு ஒயின் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கல்லாவுக்குப் பின்னால், மேல்தட்டில், குழல்விளக்குக்கு அருகில் வரிசையாக நிற்கிறது. அலங்காரப் பொருள் போல மாதக்கணக்கில் நிற்கிறது. காசு கொடுத்து வாங்கிய சரக்கை நாமே கெடுத்து விற்கிறோம் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

மது விற்பதில்லை என்று கொள்கையாக இருப்பவர்களும் நம்மில் உண்டு. அவர்கள் முடிவை நான் மதிக்கிறேன். இங்கே எழுதுவது விற்பவர்களுக்காக.

ஒயினை 12 முதல் 15 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், இருட்டில், அசையாமல் வைப்பது முறை. நம் ஊரிலோ பகலில் 31, 32 டிகிரி. இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. கடை திறந்திருக்கும்போது குளிர்சாதனம் ஓடுகிறது. இரவு பூட்டியதும் நிறுத்தி விடுகிறோம். பகலில் சுவர் வாங்கிய சூடு இரவில் உள்ளே இறங்குகிறது. இப்படித் தினமும் சூடு ஏறி இறங்கும்போது போத்தலுக்குள் இருக்கும் ஒயின் விரிந்து சுருங்குகிறது. தக்கை தளர்ந்து காற்று புகுகிறது. பழத்தின் மணம் போய், வேகவைத்த பழத்தின் வாடை வந்து விடுகிறது. அதைக் குடித்தவர் உடம்புக்குக் கேடில்லை. ஆனால் கொடுத்த காசு வீண்.

இதை நான் பட்டறிந்தே சொல்கிறேன். பண்டிகைக் காலத்தை எண்ணி, தள்ளுபடி விலையில் சில பெட்டிகள் எடுத்தேன். பின்சுவரை ஒட்டி அடுக்கினேன். அது மாலை வெயில் விழும் சுவர். வழக்கமாக வரும் வாடிக்கையாளர் ஒருவர் தம் வீட்டு விருந்துக்கு ஆறு போத்தல் வாங்கிப் போனார். மறுநாள் மீதிப் போத்தல்களைக் கொண்டு வந்து வைத்தார். கோபப்படவில்லை, "விருந்தாளி முன்னால் தலைகுனிவாகி விட்டது" என்று மட்டும் சொன்னார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மொத்த வியாபாரியோ, விற்ற சரக்குக்குப் பொறுப்பில்லை என்று கைவிரித்து விட்டார். அந்த வாடிக்கையாளர் அதன்பின் அரிசி வாங்கவும் என் கடைக்கு வரவில்லை. போனது ஆறு போத்தல் ஒயினோடு நிற்கவில்லை.

"மலிவாகக் கிடைத்தால் எடுத்துப் போடலாமே" என்பது நம் வழக்கம். ஒயினில் இந்தக் கணக்கு உதவாது. சிங்கப்பூரில் ஒயினுக்கான தீர்வை 2014 முதல் ஒரு லிட்டர் மதுச்சாரத்துக்கு 88 வெள்ளி. 13 விழுக்காடு மதுச்சாரம் உள்ள 750 மில்லி போத்தலுக்கு இது 8 வெள்ளி 58 காசு ஆகிறது. ஒயின் மட்டமானதானாலும் உயர்ந்ததானாலும் தீர்வை ஒன்றுதான். இத்துடன் 2024 முதல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் உண்டு. வரி உட்பட 22 வெள்ளிக்கு விற்கும் போத்தலில், இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது சுமார் 11 வெள்ளி 60 காசு. கப்பல் கூலி, இறக்குமதியாளர் லாபம், நம் லாபம், கடை வாடகை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். உள்ளே இருக்கும் ஒயினுக்கு என்ன மிஞ்சும்? அதே கணக்கில் 35 வெள்ளிப் போத்தலில் 23 வெள்ளி 50 காசுக்கு மேல் மிஞ்சுகிறது. விலை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். மிஞ்சுவதோ இரண்டு மடங்கு. ஆகவே பத்து வகை மலிவு ஒயினை அடுக்கி வைப்பதை விட, நடுத்தர விலையில் மூன்று வகை வைத்து விரைவில் விற்பதே நமக்கும் வாடிக்கையாளருக்கும் நல்லது.

கொள்முதலின்போது பெட்டியைத் திறந்து பாருங்கள். தக்கை வாய் விளிம்புக்கு மேல் தூக்கி நிற்கிறதா? கழுத்தில் ஒழுகிய பிசுபிசுப்பு இருக்கிறதா? ஒயின் மட்டம் போத்தலுக்குப் போத்தல் வேறுபடுகிறதா? இருந்தால் அது சூடு பட்ட சரக்கு. திருப்பி அனுப்புங்கள். திருகு மூடி போட்ட போத்தலில் இந்த அடையாளம் தெரியாது. ஆனால் அதுவும் வேகும். அன்றாட விலைச் சிவப்பு ஒயினில் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் குடிக்க வேண்டியவை. பழைய ஆண்டு போட்ட மலிவுப் போத்தலைத் தள்ளுபடியில் நீட்டினால், "பழையது என்றால் உயர்ந்தது" என்று நம்பி ஏமாற வேண்டாம்.

வைப்பதற்குப் பெரிய செலவு தேவையில்லை. சிறிய ஒயின் குளிர்ப்பெட்டி ஒன்று போதும். அதுவும் முடியாதென்றால் தட்டில் இரண்டு வாரத்துக்கான இருப்பை மட்டும் வையுங்கள். கூரையருகே வேண்டாம், தரைமட்டத்தில், வெயில் படாத சுவரோரம். தக்கைப் போத்தலைப் படுக்க வையுங்கள். வாங்குபவரிடம், "குடிக்குமுன் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள்" என்று சொல்லுங்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்ற பேச்சு குளிர் நாட்டு அறையை வைத்துச் சொன்னது. நம் வீட்டு 30 டிகிரிக்கு அது பொருந்தாது.

"நம் வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியாது" என்று சிலர் சொல்கிறார்கள். பெயர் தெரியாமல் இருக்கலாம், நாக்குக்குத் தெரியும். அவர் நம்மிடம் குறை சொல்ல மாட்டார், பேரங்காடிக்குப் போய் விடுவார்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். தனியாகக் கேட்டால் மொத்த வியாபாரி காது கொடுக்க மாட்டார்; சேர்ந்து கேட்டால் கொடுப்பார். சரக்கு குளிரூட்டிய கொள்கலனில் வந்ததா, எந்தக் கிடங்கில் இருந்தது என்று எழுதித் தர வேண்டும். உச்சி வெயிலில் திறந்த வண்டியில் இறக்கக் கூடாது. கெட்ட போத்தலை மாற்றித் தர வேண்டும். இம்மூன்றையும் கொள்முதல் நிபந்தனையாக்குவோம். இரவு 10.30க்கு மேல் விற்பதில்லை, 18 வயது நிரம்பாதவருக்கு விற்பதில்லை என்ற சட்டங்களை உரிமத்துக்கு அஞ்சியாவது கடைப்பிடிக்கிறோம். சரக்கை ஒழுங்காக வைப்பதற்கு எந்த அதிகாரியும் வந்து சொல்ல மாட்டார். அது நம் கடைப் பெயருக்காக நாமே செய்ய வேண்டியது.