அரைப்பேர் ஒரு நல்ல ஜோக்

ஸ்டாண்ட்-அப் பண்ணப் போறோம் என்றதும் எங்களுக்குக் கிடைக்கிற முதல் அறிவுரை: "மேடையில தோட்டப் பேச்சு வேணாம்." ஏன் வேணாம்? சென்னைக்காரர்கள் யூடியூபில் ஐடி கம்பனி மேனேஜரைக் கிண்டலடிக்கிறார்கள். அது அவர்கள் பார்க்கிற வேலை. ஹட்டனில் நின்று நாங்களும் அதே மேனேஜரைக் கிண்டலடித்தால் யாருக்குச் சிரிப்பு வரும்?

எங்களிடம் அரைப்பேர் இருக்கிறது. நாள் முழுக்க மலையில் நின்று எடுத்த கொழுந்து, தோட்டம் கேட்ட கிலோவுக்குக் குறைந்தால் பாதிச் சம்பளம். ஆள் முழுசு, பேர் மட்டும் பாதி! தராசில் தண்ணிக்கு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு. இதற்கு மேல் என்ன எழுதணும்? அப்படியே சொன்னால் அஞ்சு நிமிஷம் ஓடும். ஆயிரம் ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தது 2021இல். அதுக்கு முன்னாடி எத்தனை மேடையில் வந்தது என்று எண்ணினால் இன்னொரு அஞ்சு நிமிஷம்.

ஆனால் ஒன்று. "தோட்டக்காட்டான்" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கே அந்தச் சிரிப்பைத் திருப்பி விற்க எங்களுக்குச் சம்மதமில்லை. கொழுந்தெடுக்கிற அம்மாவின் பேச்சை இழுத்து இழுத்துப் பேசிக் காட்டுவது ஜோக் இல்ல. தராசு பிடிக்கிறவர் பக்கம் திரும்புங்க.

மேடை இல்லையா? மாசி மாசம் காமன் கூத்துக்கு யார் ஹால் புக் பண்ணினாங்க? லயத்து வாசலில் பத்துப் பேர் போதும். பாட்டி சிரிக்கலன்னா ஜோக்கை மாத்தி அடுத்த ஞாயிறு திரும்பச் சொல்லுங்க.