நீர்மேல் ஓர் இரவு

அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாறு, நெய்யாற்றின்கரையைக் கடந்து பூவாற்றில் கடலைச் சேர்கிறது. அங்குப் படகேறிச் சென்று, மிதக்கும் குடிலொன்றில் குடும்பத்துடன் ஓரிரவு தங்கினோம்.

ஆப்பிரிக்காவில், போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ ஈரநிலத்திலும் இத்தகைய தனித்த விடுதிகள் உள. 2014-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1000-ஆவதாகச் சேர்ந்த இடம் அது. அங்கு யானை காணலாம். இங்குக் கண்டல் மரங்களும் கொக்கும் மீன்கொத்தியுமே காட்சி. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்திட்டே வரம்பு.

விடுமுறைக்கு ஊர் வரும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நாம் ஓரிரவு விருந்தினர். வலைஞர்க்கோ அந்நீரே வயல். கண்டல் வேர்களிடையேதான் மீன்குஞ்சுகள் வளர்கின்றன. எனவே குப்பையை நீரில் எறியாது கரைக்குக் கொணர்வோம். வலையருகே படகை விரைந்து செலுத்தச் சொல்லோம். நம் சிறார்க்கும் இதனைக் கற்பிப்போமாக.